புகார் நம்பர் எங்கே?

நீங்க ஆர்டர் பண்ண பிரியாணி 20 நிமிஷம் லேட்டா வந்தா என்ன பண்ணுவீங்க? ஆப்பைத் திறந்து ஒரு கம்ப்ளெய்ண்ட் போடுவீங்க. உடனே ஒரு நம்பர் வரும். அது இப்போ யார்கிட்ட இருக்கு, எப்போ முடியும்னு ஸ்டேட்டஸ் காட்டும். பிரியாணிக்கே இவ்வளவு மரியாதை.

இப்போ ஒரு அரசு ஆஸ்பத்திரியை நினைச்சுக்கோங்க. ராத்திரி டூட்டில இருக்கிற ஸ்டாஃப் நர்ஸ், "இந்த வார்டுல சக்‌ஷன் மெஷின் வேலை செய்யல"ன்னு எழுதிக் கொடுக்கறாங்க. நோயாளியோட தொண்டையில சளி அடைச்சா உறிஞ்சி எடுக்கிற மெஷின் அது. அந்தப் பேப்பருக்கு என்ன நம்பர்? எத்தனை நாளுக்குள்ள பதில் வரணும்? வரலன்னா அடுத்து யார்கிட்ட போகணும்? இந்த மூணு கேள்விக்கும் பெரும்பாலும் பதில் கிடையாது.

இது நானா கற்பனை பண்ணின உதாரணம் இல்ல. எங்க தெருவுல இருக்கிற ஒரு அக்கா நர்ஸா வேலை பார்க்கறாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், அவங்க பேரும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மூணு தடவை இதே மெஷினைப் பத்தி எழுதிக் கொடுத்தாங்களாம். முதல் தடவை "ஸ்டோருக்குச் சொல்லியாச்சு". ரெண்டாவது தடவை "நீங்க ஒழுங்கா யூஸ் பண்ணல". மூணாவது தடவைக்குப் பதிலே வரல. அடுத்த மாச டூட்டி ரோஸ்டர் தான் வந்துச்சு, அதுல அவங்களுக்கு வரிசையா நைட் டூட்டி. "இப்பல்லாம் எழுதறதில்ல தம்பி, பக்கத்து வார்டுல போய் மெஷினைக் கேட்டு வாங்கிட்டு வந்துடறேன்"னு சாதாரணமா சொன்னாங்க.

அவங்க எழுதறதை நிறுத்தினதும் அந்த வார்டுல புகார் பூஜ்யம். மேல இருக்கிற ஆபீசர் பார்த்தா எல்லாம் நல்லா நடக்குதுன்னு தான் தெரியும். சென்சார் ஒயரைப் பிடுங்கிட்டு, அலாரம் அடிக்கலையே, அப்போ பிரச்சினை இல்லன்னு சொல்ற கதை தான். நம்ம லேப்ல யாராவது இப்படிப் பண்ணா எச்.ஓ.டி. என்ன சொல்லுவாருன்னு உங்களுக்கே தெரியும்.

நான் இந்தக் கட்டுரையில சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம். ஆஸ்பத்திரி ஊழியர் கொடுக்கிற புகாரை "ஆபீஸ் பாலிடிக்ஸ்"னு ஒதுக்கக் கூடாது. நோயாளிக்கு ஆபத்து வருதுன்னு முதல்ல அடிக்கிற அலாரம் அது தான். அந்த அலாரத்துக்கு ஒரு நம்பரும் ஒரு கெடுவும் வேணும், விசாரிக்க வெளியாள் ஒருத்தர் வேணும். அது இல்லாம நிர்வாகத்தைப் பொறுப்பேற்க வைக்கவே முடியாது.

முதல்ல நம்ம ஊரைப் பார்ப்போம். கோரிமேட்டுல ஜிப்மர். டவுனுக்குள்ள, சட்டசபை இருக்கிற அதே விக்டர் சிமோனல் வீதியில இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, அதாவது நம்ம ஜி.எச். கதிர்காமத்துல இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி. மூணும் அரசாங்கம் தான். டவுன் பஸ்ல ஒரே நாள்ல மூணையும் சுத்திட்டு வந்துடலாம். ஆனா முதலாளி மூணு பேர். ஜிப்மர் 2008ல இருந்து நாடாளுமன்றச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம், மத்திய சுகாதார அமைச்சகத்துக்குக் கீழ வருது. ஜி.எச். புதுச்சேரி அரசோட சுகாதாரத் துறை. கதிர்காமம் கல்லூரியை நடத்தறது பெருந்தலைவர் காமராஜர் மருத்துவக் கல்லூரி சொசைட்டின்னு ஒரு அரசு சொசைட்டி. நோயாளி அதே நோயாளி, ஊரும் அதே ஊர். ஆனா ஒரு நர்ஸோட புகார் ஓரிடத்துல டெல்லி வரைக்கும் போகணும், இன்னொரு இடத்துல தலைமைச் செயலகம் வரைக்கும் போகணும், மூணாவது இடத்துல சொசைட்டிக்குப் போகணும். இதுக்கு நடுவுல காண்ட்ராக்ட் ஊழியர், அவுட்சோர்சிங்ல வர்ற துப்புரவுப் பணியாளர், செக்யூரிட்டி எல்லாம் இருக்காங்க. அவங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் ஒருத்தர், வேலை வாங்கறவர் இன்னொருத்தர்.

2020 ஆகஸ்ட் கடைசியில நடந்தது ஞாபகம் இருக்கா? நாம அப்போ ஸ்கூல்ல இருந்தோம், வீட்டுல ஆன்லைன் கிளாஸ். கதிர்காமம் ஆஸ்பத்திரி கொரோனா வார்டுல கழிவறை சுத்தமா இல்லன்னு நோயாளிங்க சொன்னாங்க. அங்க போன அப்போதைய சுகாதார அமைச்சர் மல்லாடி கிருஷ்ணா ராவ் தானே இறங்கிக் கழிவறையைச் சுத்தம் பண்ணினார். வீடியோ நாடு முழுக்க ஓடுச்சு. நிறைய பேர் பாராட்டினாங்க, அதுல தப்பு இல்ல. கொரோனா வார்டுக்குள்ள போகவே எல்லாரும் பயந்த நேரம் அது.

ஆனா வீடியோ முடிஞ்சதும் கேட்க வேண்டிய கேள்விகள் அப்படியே நிக்குது. அந்த வார்டுல ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை துப்புரவுப் பணியாளர் வேணும், எத்தனை பேர் இருந்தாங்க? ஆள் பத்தலன்னு யாராவது முன்னாடியே எழுதிக் கொடுத்தாங்களா? கொடுத்திருந்தா அது எந்த மேஜையில நின்னுச்சு? அமைச்சர் ஒரு கழிவறையைக் கழுவலாம், தினமும் எல்லாக் கழிவறையையும் கழுவ முடியாது. கீழே இருந்து மேல போகிற பாதை அடைச்சிருக்கும்போது தான் மேல இருக்கிறவர் நேர்ல இறங்கி வர வேண்டியிருக்கு.

பாதை அடைச்சிருக்குன்னு வெளியில போய் சொன்னா என்ன ஆகும்? அதே 2020, ஏப்ரல் மாசம். ஆந்திராவுல நர்சிப்பட்டணம் அரசு மருத்துவமனையில மயக்க மருந்து நிபுணரா இருந்த டாக்டர் சுதாகர், மாஸ்க்கும் பாதுகாப்பு உடையும் போதுமான அளவு தரலன்னு வெளிப்படையா சொன்னார். சஸ்பெண்ட் ஆனார். அடுத்த மாசம் விசாகப்பட்டினத்துல நடு ரோட்டுல போலீஸ் அவரைக் கையைக் கட்டி இழுத்துட்டுப் போன வீடியோ வந்தது. ஆந்திர உயர் நீதிமன்றம் அந்த விவகாரத்தை சிபிஐ விசாரணைக்கு அனுப்புச்சு. 2021 மே மாசம் அவர் இறந்துட்டார். அவர் பேசின விதம் சரியா தப்பான்னு விவாதம் பண்ணலாம். மாஸ்க் இருந்துச்சா இல்லையாங்கிறது ஸ்டோர் ரெஜிஸ்டரைப் பார்த்தா ஒரு மணி நேரத்துல தெரியக்கூடிய விஷயம். அதைச் சரிபார்க்கிறதை விட, சொன்னவர் மேல நடவடிக்கை எடுக்கிறது தான் வேகமா நடந்தது.

தமிழ்நாட்டுலயும் இது நடந்திருக்கு. 2019 அக்டோபர் 25ல அரசு டாக்டர்கள் ஸ்ட்ரைக் ஆரம்பிச்சாங்க. 2009ல வந்த அரசாணை 354 படி சம்பள உயர்வு, நோயாளி எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி டாக்டர் பணியிடம் இதெல்லாம் கோரிக்கை. பத்து வருஷமா ஒரு அரசாணையை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்டுட்டு இருந்தவங்க அவங்க. நவம்பர் 1ல ஸ்ட்ரைக்கை வாபஸ் வாங்கினாங்க. அதுக்கப்புறமும் நூத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களுக்கு டிரான்ஸ்ஃபர், கூடவே மெமோ. 2020 பிப்ரவரியில சென்னை உயர் நீதிமன்றம் அந்த டிரான்ஸ்ஃபர் உத்தரவுகளை ரத்து செஞ்சது. கோர்ட்டுக்குப் போனதால நியாயம் கிடைச்சது. ஆனா ஒவ்வொரு நர்ஸும் ஒவ்வொரு லேப் டெக்னீஷியனும் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

அதுலயும் காண்ட்ராக்ட்ல இருக்கிறவங்க நிலைமை இன்னும் மோசம். 2015ல தமிழ்நாட்டுல எம்.ஆர்.பி. தேர்வு எழுதிப் பாஸ் பண்ணி ஆயிரக்கணக்கான நர்ஸுகள் தொகுப்பூதியத்துல சேர்ந்தாங்க. மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு நம்பிக்கை. அது நடக்காததால 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல உட்கார்ந்து போராடினாங்க. யோசிச்சுப் பாருங்க, வேலையே நிச்சயம் இல்லாத ஒருத்தர், தன்னோட காண்ட்ராக்டைப் புதுப்பிக்கப் போகிற அதிகாரியைப் பத்தியே புகார் எழுதுவாரா? நீங்க எழுதுவீங்களா? இன்டர்னல் மார்க் போடற சாரைப் பத்தி செமஸ்டர் முடியறதுக்கு முன்னாடி நாம யாராவது எழுதியிருக்கோமா?

சரி, புகாரை யாரும் கண்டுக்கலன்னா உண்மையில என்ன நஷ்டம்? இதுக்குப் பதில் கோரக்பூர்ல இருக்கு. 2017 ஆகஸ்ட், பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி. ஆக்சிஜன் சப்ளை பண்ணின கம்பெனி பாக்கிப் பணத்தைக் கேட்டுத் திரும்பத் திரும்பக் கடிதம் அனுப்பியிருந்தது. ஆக்சிஜன் பைப்லைனைப் பார்த்துக்கிட்ட ஊழியர்களும், ஸ்டாக் தீரப் போகுதுன்னு எழுதிக் கொடுத்தாங்க. அந்தச் சில நாட்கள்ல 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்க இறந்து போனாங்க. ஆக்சிஜன் இல்லாததால சாவு நடக்கலன்னு மாநில அரசு சொன்னது. கல்லூரி முதல்வர் உட்படப் பலர் கைதானாங்க. டாக்டர் கஃபீல் கான் பல மாசம் ஜெயில்ல இருந்தார். 2018 ஏப்ரல்ல ஜாமீன் கொடுத்தப்போ, அவர் தனிப்பட்ட முறையில சிகிச்சையில அலட்சியம் காட்டினார்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது.

யார் குற்றவாளி, சாவுக்குக் காரணம் என்னங்கிற விவாதத்தை விடுங்க. எனக்கு உறுத்தற விஷயம் வேற. பைப்லைன் பக்கத்துல நின்ன ஊழியருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. அவர் எழுதியும் கொடுத்திருக்கார். அந்தக் கடிதம் இத்தனை மணி நேரத்துக்குள்ள இவர் மேஜைக்குப் போயே ஆகணும், போகலன்னா தானா அடுத்த மேஜைக்கு ஏறணும்னு ஒரு ஏற்பாடு இல்ல. நம்ம பாஷையில சொன்னா எஸ்கலேஷன் இல்ல.

அப்புறம் பெரிசா ஏதாவது நடந்தா மட்டும் "நடவடிக்கை" வரும். அந்த நடவடிக்கை எப்படி இருக்கும்னு 2024ல கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில பார்த்தோம். ஆகஸ்ட் 9ல டூட்டில இருந்த பெண் டாக்டர் கொலை செய்யப்பட்டார். நாடு முழுக்க ரெசிடென்ட் டாக்டர்கள் போராடினாங்க, நம்ம ஜிப்மர்லயும் தான். கல்லூரி முதல்வர் சந்தீப் கோஷ் ஆகஸ்ட் 12ல ராஜினாமா பண்ணினார். சில மணி நேரத்துல இன்னொரு மருத்துவக் கல்லூரிக்கு முதல்வரா போட்டாங்க. கல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட்டு அவரை லீவுல போகச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நிதி முறைகேடு வழக்குல சிபிஐ அவரைக் கைது பண்ணினது தனிக் கதை. கீழே இருக்கிறவர் புகார் கொடுத்தா டிரான்ஸ்ஃபர் தண்டனையா வருது, மேல இருக்கிறவர் பதில் சொல்ல வேண்டிய நேரத்துல அதே டிரான்ஸ்ஃபர் தப்பிக்கிற வழியா ஆகுது.

இதுக்குச் சட்டமே இல்லையான்னு கேட்பீங்க. இங்க தான் வேடிக்கை.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ல வந்த சட்டம் இருக்கு. அதன்படி ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் உள்ளகக் குழு இருக்கணும். அதுல வெளியாள் ஒருத்தர் கண்டிப்பா இருக்கணும். 90 நாளுக்குள்ள விசாரணை முடியணும். முடிஞ்ச 10 நாளுக்குள்ள அறிக்கை, அதுக்கப்புறம் 60 நாளுக்குள்ள நடவடிக்கை. குழுவே அமைக்கலன்னா 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம். எல்லா இடத்துலயும் இது ஒழுங்கா நடக்குதுன்னு நான் சொல்லல. ஆனா நடக்கலன்னு சுட்டிக்காட்ட ஒரு தேதியாவது இருக்கு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பதில் சொல்ல 30 நாள். மத்திய அரசோட பொதுமக்கள் குறைதீர்ப்பு போர்ட்டல்ல 21 நாள். ஆனா அதே போர்ட்டல்ல, அரசு ஊழியர்களோட பணி சம்பந்தமான குறைகளை, துறைக்குள்ள இருக்கிற எல்லா வழியையும் முயற்சி பண்ணி முடிக்காம எடுத்துக்க மாட்டோம்னு விதி இருக்கு. துறைக்குள்ள இருக்கிற வழி எவ்வளவு நாள்ல முடியும்? அது தான் யாருக்கும் தெரியாதே!

மீடியாகிட்ட போகலாமா? மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கும் இது தான். அரசை விமர்சிச்சு வெளியில பேசக் கூடாதுன்னு அதுல 9ஆவது விதி சொல்லுது. ஊழலை வெளிப்படுத்தறவங்களைப் பாதுகாக்க 2014ல நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேத்துச்சு, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் போட்டாச்சு. ஆனா அதை நடைமுறைக்குக் கொண்டு வராமலே வருஷக்கணக்குல போட்டு வச்சிருக்காங்க.

இதையெல்லாம் நம்மளோட ஒப்பிட்டுப் பாருங்க. நாம காலேஜ் ஸ்டூடன்ட்ஸ். யுஜிசியோட 2023 விதிமுறைப்படி, நம்ம புகாருக்கு மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளுக்குள்ள அறிக்கை கொடுக்கணும். அதுல திருப்தி இல்லன்னா ஆம்பட்ஸ்பர்சன்கிட்ட போகலாம். அவர் ஓய்வு பெற்ற துணைவேந்தராவோ பேராசிரியராவோ மாவட்ட நீதிபதியாவோ இருக்கணும், நம்ம பல்கலைக்கழகத்தோட அவருக்கு எந்த ஆதாயத் தொடர்பும் இருக்கக் கூடாது. பேப்பர்லயாவது நமக்கு இது இருக்கு. மெஸ் சாம்பாருக்குக் கெடு இருக்கு, ஐசியூ மெஷினுக்குக் கெடு இல்ல.

மறுபக்கத்தையும் சொல்லணும். மெடிக்கல் சூப்பரின்டெண்ட் எல்லாரும் வில்லன் கிடையாது. நிறைய பேருக்கு அதிகாரமே கிடையாது. புது நர்ஸ் பணியிடம் உருவாக்கணும்னா ஃபைல் நிதித் துறைக்குப் போகணும். மெஷின் வாங்கணும்னா டெண்டர். அவங்களே மேல எழுதிப் பதில் வராம உட்கார்ந்திருக்கலாம். நம்பரும் தேதியும் போட்டு எழுதி வச்சா அவங்களுக்கும் அது பாதுகாப்பு தான். "நான் இந்தத் தேதியில மேல அனுப்பிட்டேன், அங்கிருந்து வரல"ன்னு காட்டலாம். அப்போ கடைசியில மாட்டிக்கிறது டூட்டி டாக்டரா இருக்காது, ஃபைல் நிஜமாவே தூங்கின மேஜை வெளியே தெரியும்.

"எல்லாரும் பொய்ப் புகார் கொடுப்பாங்க, சொந்தப் பகையைத் தீர்த்துக்குவாங்க"ன்னும் சொல்லுவாங்க. கொஞ்சம் பேர் செய்யத்தான் செய்வாங்க. அதுக்காகத் தான் விசாரணை. சக்‌ஷன் மெஷின் ஓடுதா இல்லையான்னு ஸ்விட்சைப் போட்டாத் தெரிஞ்சுடும், அதுல பகைக்கு இடம் இல்ல. புகாரை ரெண்டாப் பிரிக்கலாம். மெஷின், மருந்து, ஆள் பற்றாக்குறை, சுத்தம் இதெல்லாம் ஒரு வகை, நேரா சரிபார்த்துடலாம். தனிநபர் மேல வர்ற குற்றச்சாட்டு இன்னொரு வகை, ரெண்டு பக்கமும் கேட்டு நிதானமா விசாரிக்கணும்.

வெளிநாட்டுலயும் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத் தான் கத்துக்கிட்டாங்க. இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில 2005ல இருந்து 2009 வரைக்கும் நோயாளிங்களை மோசமா நடத்தினாங்க. ஊழியர்கள் சொன்ன எச்சரிக்கைகளை நிர்வாகம் காதுல போட்டுக்கல. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 2013ல 290 பரிந்துரைகள் கொடுத்தது. அதுக்கப்புறம் அவரே நடத்தின இன்னொரு ஆய்வால, அரசு மருத்துவமனை அமைப்புகள்ல ஊழியர்கள் பயமில்லாம பேசறதுக்குன்னே ஒரு பொறுப்பாளரை நியமிச்சாங்க. அதனால அங்க எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா யார்கிட்ட போய்ச் சொல்லணும்னு ஒரு வார்டு நர்ஸுக்குத் தெரியும்.

புதுச்சேரி சின்ன ஊர். நம்மால இதைச் சீக்கிரம் செய்ய முடியும். நான் கேட்கறது நாலு விஷயம். ஊழியர் கொடுக்கிற ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நம்பரும் தேதியும். நோயாளி பாதுகாப்பு சம்பந்தப்பட்டதுக்கு மணிக்கணக்குலயும் மத்ததுக்கு நாள்கணக்குலயும் கெடு, தாண்டினா தானா மேல போகணும். யார் மேல புகாரோ அவரே விசாரிக்கக் கூடாது, வெளியாள் ஒருத்தராவது இருக்கணும், புகார் கொடுத்தவரை விசாரணை முடியற வரைக்கும் டிரான்ஸ்ஃபர் பண்ணவோ காண்ட்ராக்டை நிறுத்தவோ அந்த வெளியாள் ஒப்புதல் வேணும். கடைசியா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு வெளியிடணும். பேர் வேண்டாம். எத்தனை வந்தது, எத்தனை முடிஞ்சது, எத்தனை கெடு தாண்டிக் கிடக்குதுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டினாப் போதும்.

உடனே நம்ம ஆளுங்க "மச்சான், ஒரு ஆப் போட்டுடலாம், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஆச்சு"ன்னு கிளம்பிடுவாங்க. கொஞ்சம் பொறுங்க. ஆப் எழுத ரெண்டு வாரம் போதும். கெடு தாண்டினா யார் பதில் சொல்லணும்னு ஒரு அரசாணை இல்லாம அந்த ஆப் வெறும் டிஜிட்டல் குப்பைத் தொட்டி. முதல்ல விதி வரணும், அப்புறம் கோட் எழுதிக்கலாம்.

அதுவரைக்கும் நம்மால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ போடலாம். "கடந்த ஒரு வருஷத்துல உங்க ஊழியர்கள்கிட்ட இருந்து எத்தனை எழுத்துப்பூர்வமான புகார் வந்தது? எத்தனை தீர்ந்தது? சராசரியா எத்தனை நாள் ஆச்சு?" மூணே கேள்வி. நம்ம ஊர்ல மூணு ஆஸ்பத்திரிக்கும் ஆளுக்கு ஒண்ணு அனுப்பலாம். "அப்படிப்பட்ட பதிவேடு பராமரிக்கப்படவில்லை"ன்னு பதில் வந்தாலும் பரவாயில்ல. பதிவேடே இல்லன்னு அவங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆதாரம் நம்ம கையில இருக்கும். நான் என்னுடையதை ஜி.எச்.க்கு அனுப்பறேன். ஜிப்மருக்கும் கதிர்காமத்துக்கும் யார் அனுப்பறீங்க?